நாய் நன்றாகத்தானே இருக்கிறது, அப்புறம் எதற்குச் சமச்சீர் உணவு?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். ஏழு மாதப் பெரிய ரக நாய்க்குட்டி. மூன்றாம் மாதத்திலிருந்து எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறியும் சோறும்தான் அதன் சாப்பாடு. வீட்டுப் பூனைக்கும் அதுவேதான். இரண்டுக்கும் முடி பளபளக்கிறது, ஓடி விளையாடுகின்றன, குட்டியின் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியான அளவில் இருக்கிறது. ஆனாலும் உங்கள் மருத்துவர் "இது சமச்சீர் உணவு இல்லை" என்று சொல்லியிருக்கிறார். அது உடல்நலத்தைப் பற்றிய பேச்சா, தீவனப் பை விற்கிற பேச்சா என்பது உங்கள் சந்தேகம். கால்சியம் மாத்திரை சேர்த்தால் போதாதா என்றும், தாத்தா காலத்து நாய்கள் மிச்சம் மீதி தின்றே பதினைந்து வயது வரை இருந்தனவே என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: பார்க்க நன்றாக இருக்கிற பிராணிக்கு உள்ளே குறை இருக்க முடியுமா? முடியும். எப்படி என்று சொன்னால் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

நான் கால்நடை மருத்துவர். ஆரம்ப வருடங்கள் மாடுகளோடு போயின, பிறகு பெரும்பாலும் நாய், பூனை. உணவியலில் தனிச் சிறப்புப் பட்டம் எதுவும் வாங்கவில்லை. உங்கள் குட்டியைத் தொட்டுப் பார்க்காமல் அதற்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இங்கிருந்து சொல்லவும் மாட்டேன். அதை உங்கள் மருத்துவரிடம் விட்டுவிட்டு, பொதுவாக உடல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பேசலாம்.

"சமச்சீர்" என்றால் பலரும் "நல்ல, சத்தான, சுத்தமான உணவு" என்று புரிந்துகொள்கிறார்கள். கோழிக்கறி நல்ல உணவுதான், சந்தேகமே இல்லை. ஆனால் சமச்சீர் என்பது தரத்தைப் பற்றிய சொல் இல்லை, விகிதத்தைப் பற்றிய சொல். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் கொஞ்சம். ஒரு பங்கு கால்சியத்துக்குப் பதினைந்து, இருபது பங்கு பாஸ்பரஸ் என்ற கணக்கு. வளரும் நாய்க்குத் தேவையோ ஏறக்குறைய சமம், கால்சியம் கொஞ்சம் கூடுதல். சோறும் கால்சியம் தராது. ஆக, எவ்வளவு நல்ல கறி வாங்கினாலும், எவ்வளவு அன்பாகச் சமைத்தாலும், தட்டை நிறைக்க நிறைக்க விகிதம் அப்படியே கோணலாகத்தான் இருக்கும். காட்டில் வேட்டையாடும் விலங்கு சதையை மட்டும் தின்பதில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். எலும்பு, ஈரல், குடல், ரத்தம் எல்லாம் சேர்ந்ததுதான் அதன் சாப்பாடு.

இந்தக் கோணலை உடல் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் சுவாரசியமான இடம். ரத்தத்தில் கால்சியம் குறுகிய எல்லைக்குள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தசையும் இதயமும் ஒழுங்காக இயங்காது. உணவில் வரவில்லை என்றால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி தன் ஹார்மோனை விட்டு எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கிறது. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான் இருக்கிறது, பெரிய கிடங்கு. அதனால் ரத்தத்தில் அளவு சரியாகவே காட்டும், மாதக்கணக்கில் காட்டும். உங்கள் அறிக்கையில் கால்சியம் சரியாக இருப்பது குட்டியின் சாப்பாடு சரி என்பதற்குச் சாட்சி இல்லை. கிடங்கில் இன்னும் சரக்கு இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. எக்ஸ்ரேயும் சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. எலும்பின் தாதுவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போன பிறகே படத்தில் எலும்பு மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும்.

என்னிடம் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தார்கள். நான்கரை மாதம் இருக்கும். நாற்காலியிலிருந்து குதித்ததும் பின்னங்கால் ஒடிந்துவிட்டது என்றார்கள். எலும்பு நன்றாக இருந்தால், நாற்காலியிலிருந்து குதித்துக் கால் ஒடிகிற பூனை உலகத்தில் இல்லை. படம் எடுத்தால் புதிய முறிவு ஒன்று, தானாகவே கூடிப்போன பழைய முறிவு இரண்டு. எலும்பின் ஓரம் காகிதம் மாதிரி. பால்குடி மறந்த நாளிலிருந்து அதற்குக் கொடுத்தது சுத்தமான கறி மட்டும், அதுவும் மிகுந்த அக்கறையோடு. முந்தைய வாரம் வரை அதுவும் பளபளவென்றுதான் இருந்ததாம். நல்ல செய்தி என்னவென்றால், இளம் வயதில் உணவைச் சரிசெய்து சில வாரம் குதிக்க விடாமல் வைத்தால் எலும்பு திரும்பக் கெட்டிப்படும். அந்தக் குட்டி தேறிவிட்டது. முதுகெலும்போ இடுப்பெலும்போ வளைந்து போயிருந்தால் அது மட்டும் அப்படியே நின்றுவிடும்.

சரி, அப்படியானால் கால்சியம் மாத்திரை? இங்கேதான் நான் உங்களை நிறுத்தச் சொல்வேன். குறை என்பது பள்ளம், மாத்திரை என்பது மண், கொட்டினால் நிரம்பிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சின்னக் குட்டியின் குடலுக்குக் கால்சியத்தை வேண்டாம் என்று மறுக்கத் தெரியாது. வளர்ந்த நாய் தேவைக்கேற்ப எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். முதல் ஆறு மாதம் வரை குட்டிகள் வருவதில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உங்கள் குட்டி இப்போதுதான் அந்த வயதைத் தாண்டியிருக்கிறது, அதை நம்பி அளவில்லாமல் கொடுக்கத் துணிய வேண்டாம். கிரேட் டேன் போன்ற பெரிய ரகக் குட்டிகளுக்குக் கால்சியத்தை அதிகமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் எலும்பு வலுவாகவில்லை, வளர்ச்சி கோணலானது. மூட்டுக் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல் நொண்டின. கால்சியம் மிகுந்தால் துத்தநாகம் உறிஞ்சப்படுவதும் குறையும், அப்போது தோல் கெடும். இன்னொன்று, உங்கள் கிண்ணத்தில் குறைவது கால்சியம் மட்டும் இல்லை. அயோடின், தாமிரம், துத்தநாகம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ எல்லாமே கறி-சோற்றில் போதாது. வைட்டமின் டி என்றதும் "வெயிலில் விடுகிறோமே" என்பார்கள். மனிதனுக்கு அது சரி. நாயும் பூனையும் தோலில் வெயிலைக் கொண்டு போதிய வைட்டமின் டி தயாரிக்க முடியாதவை, சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு.

அதிகமானாலும் குறைந்தாலும் அதே இடத்தில் கொண்டுபோய் விடும் என்பதை நான் கற்றுக்கொண்டது மாட்டுக் கொட்டிலில். பால்சுரம் கேள்விப்பட்டிருப்பீர்கள். கன்று போட்ட ஓரிரு நாளில் நல்ல கறவை மாடு தள்ளாடி விழும், காது ஜில்லென்று ஆகிவிடும். சீம்பாலுக்கும் பாலுக்கும் திடீரென்று கால்சியம் இழுக்கப்படுவதால் ரத்தத்தில் அது இறங்கிப்போவதுதான் காரணம். நரம்பில் கால்சியம் மெதுவாக ஏற்றினால் படுத்துக் கிடந்த மாடு கண்ணெதிரே எழுந்து நிற்கும். மருத்துவத் தொழிலில் இதைவிடத் திருப்தியான காட்சி குறைவு. வேடிக்கை என்னவென்றால், சினையின் கடைசி வாரங்களில் கால்சியத்தை நிறையக் கொடுத்து வைத்த மாடுகளுக்கு இந்த ஆபத்து கூடும். உணவிலேயே தாராளமாக வந்துகொண்டிருந்தால் எலும்பிலிருந்து எடுக்கும் அந்த ஏற்பாடு சோம்பிக் கிடக்கும், அவசரத்துக்கு எழுந்து வராது. அன்போடு முன்கூட்டியே கொடுத்த கால்சியமே கன்று போடும் நாளில் மாட்டைக் கீழே தள்ளிவிடுகிறது.

மாட்டைப் பற்றி ஆரம்பித்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் டென்மார்க் என்ற ஊரைச் சுற்றி, பச்சைப் பசேலென்ற மேய்ச்சலில் வயிறு முட்ட மேய்ந்துகொண்டே ஆடுமாடுகள் எலும்பும் தோலுமாக இளைத்துச் செத்தன. காரணம் 1930களில்தான் பிடிபட்டது. அந்த மண்ணில் கோபால்ட் என்ற தாது போதிய அளவு இல்லை. அசைபோடும் விலங்குகளின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கோபால்ட்டைக் கொண்டு வைட்டமின் பி12 தயாரித்துக் கொடுக்கின்றன. செம்மறிக்கு ஒரு நாளைக்கு மில்லிகிராமில் ஒரு சிறு பங்குதான் தேவை, அதுவும் கிடைக்காததால் மொத்தப் புல்லும் வீண். அதே போல, மாட்டுக்கு நல்லதென்று தாமிரம் சேர்த்த தீவனத்தை ஆட்டுக்கு, குறிப்பாகச் செம்மறிக்கு, தொடர்ந்து போட்டால் ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் திடீரென்று கொல்லும். "பிராணிகளுக்கான சத்து" என்று பொதுவாக ஒன்று கிடையாது. இனம், வயது, சினை, கறவை என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

உங்கள் பூனையைப் பற்றி எனக்குக் கவலை கொஞ்சம் கூடுதல். நீங்கள் அதைப் பற்றிப் போகிற போக்கில்தான் எழுதியிருந்தீர்கள். பூனை சின்ன நாய் இல்லை. டாரின் என்ற பொருளை நாய் பொதுவாகத் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையால் போதிய அளவு முடியாது. காய்கறியின் கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றவும் அதற்குத் தெரியாது. டாரின் கறியில் இருக்கிறது, ஆனால் நீரில் கரையும். கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் டாரினில் கணிசமான பகுதி அதோடு போய்விடும். குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து இதயம் வீங்கும். இரண்டும் பல மாதம், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேல் சத்தமில்லாமல் நடக்கும். ஒவ்வொரு சத்துக்கும் கிடங்கு ஒவ்வொரு அளவு. ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் துளியும் இல்லாத உணவை ஒரே வேளை கொடுத்தாலே பூனைக்கு ரத்தத்தில் அம்மோனியா ஏறி சில மணி நேரத்தில் ஆபத்தாகிவிடும். கறியில் அது தாராளமாக இருப்பதால் உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். தையமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்தால் சில வாரத்தில் பூனை தலையை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டு தள்ளாடும். பச்சை மீனையே தொடர்ந்து போடுகிற வீடுகளில் இதைப் பார்க்கலாம், சிலவகை மீன்களில் தையமினை அழிக்கும் நொதி இருக்கிறது. ஈரலையே தினமும் போட்டால் எதிர்ப்பக்கம் போகும். வைட்டமின் ஏ மிகுந்து கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்ய முடியாத பூனை ஆகிவிடும். ஆக, எதுவரை "நன்றாக இருக்கிறது" என்று சொல்லலாம் என்பது எந்தச் சத்து குறைகிறது என்பதைப் பொறுத்தது. தேதி தெரியாத கடன் பத்திரம் மாதிரி.

இப்போது தீவனக் கம்பெனிகளின் விஷயம். உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறில்லை. பூனைகளுக்கு டாரின் குறைவால் இதய நோய் வருகிறது என்று கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1987-ல் வெளியிட்டபோது, நோயுற்ற பூனைகள் தின்றுகொண்டிருந்தது வீட்டுச் சமையலை இல்லை, கடையில் விற்ற உணவைத்தான். அன்றைய அளவுகோலின்படி அவற்றில் டாரின் போதும் என்றே நினைத்திருந்தார்கள், அந்த அளவுகோல்தான் தப்பு. அதன் பிறகு கூடுதலாகச் சேர்த்ததும் அந்த நோய் பூனைகளிடம் வெகுவாகக் குறைந்தது. பை உணவிலும் தவறு நடக்கும் என்பதற்கும், தவறு தெரிந்தால் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் திருத்த முடியும் என்பதற்கும் இதுவே உதாரணம். வீட்டுச் சமையலில் அந்தத் திருத்தம் வீடுவீடாக நடக்க வேண்டும். 2013-ல் அதே பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை நாய்களுக்காக அலசினார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் தேவையான சத்து ஏதாவது ஒன்றாவது குறைந்திருந்தது. அவற்றில் கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் உண்டு. எங்கள் ஆட்களுக்காக நான் வெட்கப்பட்ட நாள் அது.

தாத்தா காலத்து நாய்களுக்கு வருவோம். பதினைந்து வயது வரை இருந்த நாய்தான் குடும்பக் கதையில் இருக்கும். மூன்றாம் மாதத்திலேயே போன ஐந்து குட்டிகளை யாரும் கதையாகச் சொல்வதில்லை. அதோடு, அவிழ்த்துவிட்ட நாய் வீட்டில் போட்டதை மட்டுமா தின்றது? எலும்பு கடித்தது, எலி பிடித்தது, குப்பையைக் கிளறியது. இன்னொரு முக்கியமான வேறுபாடு, அவற்றில் பல நடுத்தர உடம்புக்காரர்கள், மெதுவாக வளர்ந்தவை. வருடத்துக்குள் முப்பது, நாற்பது கிலோ தொடுகிற ரகத்துக்கு எலும்புக் கணக்கில் பிழை செய்ய இடமே இல்லை. இதே மயக்கம் அறிவியலுக்கும் இருந்தது. வயிறு நிறைந்தாலும் நோய் வரும் என்று முதலில் காட்டிக்கொடுத்தவற்றில் ஒன்று கோழியும் சோறும்தான். 1890களில் ஜாவாவில் ஐக்மன் என்ற மருத்துவர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுவதையும் கவனித்தார். அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறதென்றே அவர் நினைத்தார். "இல்லாத ஒன்று" நோயைத் தரும் என்பது அவ்வளவு எளிதில் மனதில் ஏறவில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் உறுதியானது. இனி, உறுதியில்லாதவற்றைப் பிரித்து வைக்கிறேன், ஏனென்றால் விற்பனைப் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் குடியிருக்கிறது. "நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று விற்கிற பொடிகள்: புரதமும் துத்தநாகமும் வைட்டமின் ஈ-யும் குறைந்தால் எதிர்ப்பு சக்தி குறையும் என்பது நிச்சயம். போதுமான அளவு கிடைக்கிற பிராணிக்கு மேலும் கொடுத்தால் மேலும் கூடும் என்பது நிரூபிக்கப்படாத தாவல். பச்சைக்கறி உணவு சமைத்ததைவிட ஆரோக்கியம் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை, ஆனால் அதில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருப்பது பலமுறை உறுதியான விஷயம். தானியம் இல்லாத நாய் உணவுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் விசாரிக்கத் தொடங்கியது, காரணம் இதுதான் என்று முடிவுக்கு வரவில்லை. தேவையில்லாமல் தானியத்தைத் தவிர்க்காதீர்கள் என்பது மட்டும்தான் என் ஆலோசனை. வயதான நாய்க்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்பது பழைய பழக்கம். சிறுநீரக நோய் வந்துவிட்ட பிராணிக்குப் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்துவதற்கு ஆதாரம் உண்டு, ஆரோக்கியமான கிழவனுக்குக் கறியைக் குறைப்பதற்கு இல்லை.

எல்லாரும் சத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், அளவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் உணவுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பில் மிகத் தெளிவான சான்று அங்கேதான் இருக்கிறது. ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டு இரண்டாகச் சேர்த்து, 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு, மற்றது தின்றதைவிட 25 சதவீதம் குறைவாக, அதே உணவு. 2002-ல் முடிவு வெளியானது: குறைவாகத் தின்றவற்றில் பாதி 13 வயது வரையாவது இருந்தன, மற்றவற்றில் பாதி 11.2 வயது வரை. மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. அதை நடத்தியது ஒரு தீவனக் கம்பெனி என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறைவாகப் போடுங்கள் என்று தன் சரக்குக்கு எதிராகவே முடிவு வந்தும் வெளியிட்டார்கள், அதனால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை கொஞ்சம் கூடுதல். உங்கள் குட்டி விஷயத்திலும், குண்டாக வளரவிடாமல், விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படும்படி, மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரியும்படி வளர்ப்பது மூட்டுக்கு நல்லது. பூனை குண்டாக இருந்தால் மட்டும் பட்டினி போட்டு இளைக்க வைக்க வேண்டாம். குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கு ஆபத்தாகும்.

இந்த வாரம் செய்யக்கூடியது இவ்வளவு. குட்டி படி ஏறத் தயங்குகிறதா, முன்னங்கால் மணிக்கட்டு தரையை நோக்கித் தாழ்ந்திருக்கிறதா, முதுகைத் தடவினால் முறுக்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் துள்ளல் விளையாட்டை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே பற்றியும், பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் உணவை மாற்றுங்கள். எளிய வழி, வளரும் பெரிய ரக நாய்களுக்கு முழுமையான சமச்சீர் உணவு என்று பையில் தெளிவாக அச்சிட்ட ஒன்று. ஏழிலிருந்து பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள், மாறிய பிறகு கால்சியம் எதுவும் சேர்க்காதீர்கள். அதன் மேல் ஒரு கைப்பிடி கோழிக்கறி போடுவதில் தவறில்லை, நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். சமைத்துத்தான் கொடுப்பேன் என்றால் அதுவும் நடக்கிற காரியம்தான். ஆனால் கால்நடை உணவியல் நிபுணர் ஒருவர் இந்தக் குட்டியின் எடைக்கும் வயதுக்கும் எழுதித் தருகிற குறிப்பாக இருக்க வேண்டும், எண்ணெயைக் குறைத்து, தாதுக் கலவையை மறந்து, ஒரு பொருளுக்கு இன்னொன்றை மாற்றி என்று போனால் இரண்டே மாதத்தில் பழைய கிண்ணத்துக்கே வந்துவிடுவீர்கள். பூனைக்கு இன்றே பூனை உணவு, தனித் தட்டில், நாய்க்கு எட்டாத உயரத்தில். மருத்துவரிடம் போகும்போது ஏழு நாள் இரண்டும் தின்ற எல்லாவற்றையும் எடை போட்டு எழுதி எடுத்துப் போங்கள், மேசைக்கடியில் பிள்ளைகள் ரகசியமாகக் கொடுத்த பிஸ்கட்டையும் சேர்த்து.